திரை இல்லாத குணா

'குணா'வின் இசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 2024 பிப்ரவரியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. நான் வசிக்கும் கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தூண் பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த இரண்டு படங்களிலும் வரும் குகை. வெள்ளைக்காரர்கள் டெவில்ஸ் கிச்சன் என்று பெயர் வைத்த இடம். 'குணா' வந்த பிறகு அது குணா குகை. வேலி போட்டு அடைத்திருக்கும் அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்க்கப் போகும் வேன்களில் 'கண்மணி அன்போடு காதலன்' ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பாட்டுக்கு அத்தனை புகழும் தகும். ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்துக்குள் இளையராஜா எழுதி வைத்திருக்கும் மற்ற இசையை, வயலின்களும் கோரஸும் சேர்ந்து கதை நடத்தும் அந்தப் பெரிய இசையை, இசையாக மட்டும் நிறுத்துப் பார்க்கும் வேலை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான ஒரு முயற்சி. கேள்வி இதுதான்: படத்தை எடுத்துவிட்டால் அந்த இசை நிற்குமா?

இந்தக் கேள்வியே தவறு என்று சொல்கிறவர்கள் உண்டு. பின்னணி இசை காட்சிக்காக எழுதப்பட்டது. காட்சியை நீக்கிவிட்டு அதை மதிப்பிடுவது நியாயமில்லை என்பது அவர்கள் வாதம். இதில் பாதி உண்மை. ஆனால் தமிழ்நாட்டின் கோயில் வீதிகளில் நின்றவர்களுக்கு மீதிப் பாதி தெரியும். சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி ஒரு காரியத்துக்காகவே உருவானது. சாமி எழுந்தருளும்போது வாசிக்க வேண்டும். தூக்குகிறவர்களின் நடைக்கு அது ஒத்துப்போக வேண்டும். அதே மல்லாரியை இன்று கச்சேரி மேடையில் தனியாகக் கேட்கிறோம், பரதநாட்டியத்தின் தொடக்கத்தில் கேட்கிறோம். பல்லக்கு இல்லை, வீதி இல்லை, தீவட்டி இல்லை. இருந்தும் கம்பீரநாட்டையின் அந்த நிமிர்வு குறையவில்லை. ஒரு வேலைக்காகப் பிறந்த இசை அந்த வேலை முடிந்த பிறகும் உயிரோடு இருக்க முடியும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டுச் சான்று தேவையில்லை.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. தமிழ்க் காதுக்குப் பின்னணி இசையைத் தனியாகக் கேட்டுப் பழக்கமில்லை. பாட்டைத்தான் கேட்கும் என்பது அது. பழக்கமில்லை என்பது இன்றைக்கு உண்மை. அதற்குக் காரணம் வானொலியும் கேசட்டும். இந்த மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் கோடை பண்பலை தென்மாவட்டங்கள் பலவற்றுக்குக் கேட்கிறது. அதில் இளையராஜாவின் பாடல்கள் வராத நாள் இருக்காது. ஆனால் நிகழ்ச்சிக்கு இடையில் நான்கைந்து நிமிடம் பொருந்துகிற வடிவம் பாட்டுக்குத்தான் உண்டு. பின்னணி இசைக்கு அப்படி ஒரு வடிவம் யாரும் செய்து தரவில்லை. கேசட்டில் இடம் இல்லை, வானொலியில் இடம் இல்லை, ஆகவே நம் நினைவிலும் இடம் இல்லாமல் போனது. அதற்கு முந்தைய தலைமுறை வேறு மாதிரி. வானொலியில் ஒலிச்சித்திரம் என்று முழுப்படத்தின் ஒலியைச் சுருக்கிப் போடுவார்கள். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' கதை வசனம் இசைத்தட்டு சுழலும். வசனத்துக்கு அடியில் வரும் வீணை, தபேலா, வயலின் எல்லாவற்றையும் சேர்த்தே மக்கள் கேட்டார்கள், பலர் மனப்பாடமாகவே கேட்டார்கள். படத்தைக் காதால் பார்க்கும் பழக்கம் நமக்கு இருந்தது. அதை விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

'குணா'வை நான் அந்த ஒலிச்சித்திர முறையில்தான் கேட்டேன். திரையை அணைத்துவிட்டு, ஒலியை மட்டும். மழைக்காலத்தில் இங்கே மாலை ஆறு மணிக்கே தெருவில் ஆள் இருக்காது. காதுக்கு மட்டும் வேலை கொடுக்க அது நல்ல நேரம். இந்த முறையின் குறையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வசனம் இசையின் மேல் ஏறி நிற்கிறது. தமிழ் சினிமாவுக்கு டால்பி வந்தது 1995இல் 'குருதிப்புன'லோடு. அதற்கு நான்கு வருடம் முந்தைய படம் இது. பேச்சும் இசையும் ஒரே இடத்திலிருந்து நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. ஆகவே என் தீர்ப்பில் எங்கெல்லாம் இசை மங்கலாகக் கேட்டதோ அங்கெல்லாம் சந்தேகத்தின் பலனை இசைக்கே கொடுத்திருக்கிறேன்.

அளவுகோல் என்ன? படம் பார்க்காத ஒருவர் கேட்டால் அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு இசையிலிருந்தே எழ வேண்டும், இதுதான் முதன்மையானது. ஒரு சுரம் அடுத்த சுரத்துக்குப் போக வேண்டிய காரணம் இசைக்குள்ளேயே இருக்க வேண்டும். கதவு திறந்ததால், துப்பாக்கி வெடித்ததால், யாரோ திரும்பிப் பார்த்ததால் இசை திரும்பினால், அந்தத் திருப்பம் திரையில் இருப்பவருக்கு மட்டுமே புரியும். மற்றபடி சிம்பொனியிடம் கேட்கும் கட்டுமானத்தை ஒன்றரை நிமிடத் துண்டிடம் கேட்பது கொடுமை. மேற்கில்கூட அப்படிக் கேட்பதில்லை. செர்கேய் புரொகோஃபியேவ் 1938இல் வந்த 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' படத்துக்கு எழுதிய இசையை அப்படியே மேடை ஏற்றவில்லை. 1939இல் அதைக் கோரஸும் தனிக்குரலும் கொண்ட முழுப்படைப்பாகத் திருத்தி எழுதினார். தென்துருவம் போன ஸ்காட் பற்றிய 1948ஆம் ஆண்டுப் படத்துக்கு வான் வில்லியம்ஸ் எழுதிய இசை, 1953இல் அவருடைய ஏழாவது சிம்பொனியாக மேடைக்கு வந்தது. படத்திலிருந்து வெளியே வந்து நிலைத்த இசை, வெளியே வருவதற்காகக் கொஞ்சம் மறுபடி உழைக்கப்பட்ட இசை. நம் இசையமைப்பாளர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைத்ததில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் எடைபோட வேண்டும்.

1991 நவம்பர் 5, தீபாவளி. அன்றைக்கு இளையராஜா இசையமைத்த இரண்டு பெரிய படங்கள் ஒன்றாக வெளியாயின: மணிரத்னத்தின் 'தளபதி', சந்தான பாரதியின் 'குணா'. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒரு விஷயம் தெளிவாகிறது. 'தளபதி'யின் பின்னணி இசை பாட்டின் மெட்டிலிருந்து விளைந்தது. 'சின்னத் தாயவள்' மெட்டு வரும்போதெல்லாம் பெற்றுத் தொலைத்த பிள்ளையின் ஞாபகம் வருகிறது. ரயிலின் கூவலும் அதோடு சேர்கிறது. மெட்டு அழகானது, நீளமானது, பாடக்கூடியது. ஆகவே படத்தை எடுத்துவிட்டாலும் அது நிற்கும். ஆனால் அது பாட்டாக நிற்கிறது. வாத்திய இசையாகத் தன் காலில் நிற்கிறது என்று சொல்ல முடியாது. 'குணா' இதற்கு நேர் எதிர். இங்கே பாட்டே பின்னணி இசையின் இயல்போடு எழுதப்பட்டிருக்கிறது.

'பார்த்த விழி பார்த்தபடி' அதற்கு முதல் சாட்சி. கோயிலில் படத்தின் நாயகன் குணா ஒரு பெண்ணைப் பார்த்து உறைந்துபோகும் இடம். கோரஸ் அபிராமி அந்தாதியைச் சொல்ல, யேசுதாஸ் பாடுகிறார். சினிமாப் பாட்டுக்கு வழக்கமான பல்லவி, இடையிசை, சரணம் என்ற வரிசைக்காக அது காத்திருக்கவில்லை. ஒரு மனநிலை எழுந்து, பெருகி, முடிந்துவிடுகிறது. அதன் ராகம் பாவனி, 41ஆவது மேளகர்த்தா. சினிமாவில் அபூர்வம், கச்சேரியிலும் அபூர்வம். சட்ஜமத்தை ஒட்டி சுத்த ரிஷபம், அதை ஒட்டி சுத்த காந்தாரம் என்று மூன்று சுரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கீழே நிற்கும். அதற்குப் பிறகு பிரதி மத்தியமம் வரை ஒரு பெரிய வெற்றிடம். பாடுகிறவர் நெருக்கத்திலிருந்து வெட்டவெளிக்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டும். மேலே சதுஸ்ருதி தைவதமும் காகலி நிஷாதமும் வந்து, பாதி தூரம் பழகிய சுகத்தைக் கொடுக்கின்றன. உலகம் பைத்தியம் என்று சொல்லும் ஒருவனுடைய பக்திக்கு இதைவிடப் பொருத்தமான ராக அமைப்பு எனக்குத் தோன்றவில்லை. கீழே தவிப்பு, நடுவில் பள்ளம், மேலே தெளிவு.

பொருத்தம் அதோடு நிற்கவில்லை. அந்தாதி பாடிய அபிராமி பட்டரின் கதை நமக்குத் தெரியும். திருக்கடையூரில் அம்பாள் சந்நிதியில் தன்னை மறந்திருந்தவரிடம் சரபோஜி மன்னர் திதி கேட்க, அமாவாசை அன்று பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். பித்தர் என்று ஊர் சொன்னது. அம்பாள் தன் தோட்டை வீசி நிலவாக்கிக் காப்பாற்றினாள். குணாவும் பௌர்ணமிக்காகக் காத்திருக்கிறான். அவனையும் ஊர் பித்தன் என்கிறது. அவனைக் காப்பாற்ற மட்டும் வானத்தில் எந்தத் தோடும் எறியப்படவில்லை. இந்தத் தொடர்பை வசனம் விளக்காது. இசைதான் சொல்கிறது. அந்தாதி தெரிந்த காதுக்குப் படம் ஓடாமலே இந்தக் கதை முழுவதும் அந்தச் சில நிமிடங்களுக்குள் கேட்கிறது. அந்தாதி தெரியாதவருக்கும் பாவனியின் அந்தத் தாவல் போதும். இந்தப் பகுதிக்கு என் தீர்ப்பில் தயக்கமே இல்லை: இது தனித்து நிற்கிறது; சொல்லப்போனால் திரையில் பார்க்கும்போது கேட்பதைவிடக் கண்ணை மூடிக் கேட்கும்போது பெரிதாகிறது.

படத்தின் பின்பாதியில் இப்படிச் சொல்ல முடியவில்லை. போலீஸ் துரத்தும் இடங்கள், சண்டை, பணத்துக்காக வருகிறவர்களின் மிரட்டல், இங்கெல்லாம் இசை காட்சியின் பின்னால் ஓடுகிறது. வயலின்கள் வேகமாக ஏறுகின்றன, ஏன் என்று தெரியவில்லை. பித்தளை வாத்தியம் ஒரு அடி அடிக்கிறது, ஏதோ நடந்திருக்க வேண்டும். எழுத்தில் பழுதில்லை. இளையராஜா எழுதும் சாதாரணத் துரத்தல் இசையிலும் கீழ்க்குரல் ஒன்று தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். இங்கேயும் அது உண்டு. இருந்தும் தனியாகக் கேட்கும்போது காது வெளியே நிற்கிறது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வுக்கு பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை வைத்தே முழு இசையையும் எழுதினார் (1960). அதில் குளியலறைக் கொலைக்கு வரும் கிறீச்சொலி உலகப்புகழ். ஆனால் தனியாகக் கேட்கத் தகுந்தது அதுவல்ல. படத்தின் தலைப்புக்கு வரும் அந்த ஓயாத ஓட்டம்தான். அதிர்ச்சி காட்சிக்குச் சொந்தம், ஓட்டம் இசைக்குச் சொந்தம். 'குணா'வின் பின்பாதியில் அதிர்ச்சி அதிகம், ஓட்டம் குறைவு.

இனி அந்தப் பாட்டு. எல்லோரும் பேசுகிறார்கள் என்பதால் அதை விட்டுவிட முடியாது. வழக்கு அங்கேதான் முக்கியமான கட்டத்துக்கு வருகிறது. 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டாக எண்ணப்படுகிறது, ஆனால் அதன் உடம்பு பின்னணி இசையின் உடம்பு. ஒருவன் கடிதம் சொல்கிறான். ஒருத்தி அதை மெட்டோடு திருப்பிப் படிக்கிறாள். கமல்ஹாசனின் பேச்சு, தயக்கம், சிரிப்பு எல்லாவற்றுக்கும் இசை இடம்விட்டு நிற்கிறது, மறுபடி எடுக்கிறது, எஸ். ஜானகியின் குரல் அந்தப் பேச்சைப் பிடித்து மெட்டுக்குள் ஏற்றுகிறது. பேச்சுக்கு அடியில் ஓடி, பேச்சு நின்றதும் மேலே வருவது பின்னணி இசையின் தொழில். இப்படி நின்று நின்று போகும் ஒன்றை முப்பது வருடத்துக்கு மேலாகத் தமிழர்கள் பேருந்திலும் டீக்கடையிலும் படம் இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்க் காதுக்கு நாடக இசை தனியாக ஏறாது என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. ஏறுகிறது, அதன் மேல் பாட்டு என்று பெயர் எழுதியிருந்தால் போதும்.

'மஞ்சும்மல் பாய்ஸ்' இதைச் சோதனையாகவே செய்து காட்டியது. 2006இல் எர்ணாகுளம் பக்கத்து மஞ்சும்மலிலிருந்து கொடைக்கானல் வந்த நண்பர்களில் ஒருவர் அந்தக் குகைப் பள்ளத்தில் விழ, இன்னொருவர் கயிற்றில் இறங்கித் தூக்கி வந்த உண்மைச் சம்பவம் அது. இயக்குநர் சிதம்பரம் அந்த மீட்பின் உச்சத்தில் இந்தப் பாட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு பெண்ணுக்கு எழுதிய காதல் கடிதம், ஒரு நண்பனை மண்ணிலிருந்து மேலே இழுக்கும் காட்சிக்கு உயிர் கொடுத்தது. தன் முதல் படத்தை விட்டுவிட்டு வேறொரு படத்தைத் தாங்க முடிகிற இசைக்குத் தனக்கென்று ஒரு பலம் இருக்கத்தான் வேண்டும்.

இந்தச் சான்றை முழுசாக ஏற்பதற்கு முன் எதிர்க்கேள்வியும் கேட்டாக வேண்டும். தியேட்டரில் கைதட்டியவர்கள் இசைக்குத் தட்டினார்களா, 'குணா'வின் ஞாபகத்துக்குத் தட்டினார்களா? அந்தக் குகையும் அந்தப் பாட்டும் ஒன்றாகவே மனசில் இருப்பவர்களுக்கு இது பிரிக்க முடியாத ஒன்று. ஆகவே அந்தக் கைதட்டலை நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காட்சியில் படத்தின் இசையமைப்பாளர் சுஷின் ஷ்யாமின் சொந்த இசை வேலை செய்துகொண்டே இருந்து, சரியான கணத்தில் பழைய பாட்டுக்கு இடம் விடுகிறது. சுஷினின் இசை அழுத்தம், இருட்டு, மூச்சு. காட்சிக்கு மிகக் கச்சிதம். அதற்கு மேல் இந்தப் பாட்டு வந்தவுடன் கேட்பது மெட்டின் ஏற்றம். கீழிருந்து மேலே போகும் இசை வாக்கியம் ஒன்று தன் காரணத்தாலேயே மேலே போகிறது. கயிறும் அதோடு போகிறது. 'குணா'வைப் பார்த்திராத இளைய ரசிகருக்கும் அந்த ஏற்றம் எட்டும். இசையின் பங்கு அதுதான்.

காட்சி இசையைப் பின்பற்றினால் இசை நிற்கும், இசை காட்சியைப் பின்பற்றினால் விழும் என்று இதுவரை சொன்னதிலிருந்து ஒரு விதி செய்துவிடத் தோன்றும். அது அவசரம். 'ஹே ராம்' (2000) அந்த விதியை உடைக்கிறது. அந்தப் படத்துக்கு முதலில் இசையமைத்தவர் எல். சுப்பிரமணியம். அவர் விலகிய பிறகு, ஏற்கெனவே படமாக்கப்பட்ட பாடல் காட்சிகளுக்கு, நடிகர்களின் உதட்டசைவுக்கே பொருந்தும்படி இளையராஜா புது மெட்டுகளை எழுதினார். இசைப்பதிவு புடாபெஸ்ட் கலைஞர்களோடு நடந்தது. காட்சி முன்னே, இசை பின்னே. இதைவிடக் கட்டுண்ட நிலை ஒரு இசையமைப்பாளருக்கு வராது. இருந்தும் 'நீ பார்த்த பார்வை' யாருடைய உதட்டுக்கும் கடன்பட்டதாகக் கேட்கவில்லை. எது முதலில் பிறந்தது என்பது முக்கியமில்லை. ஒரு சுரம் அடுத்த சுரத்தைக் கேட்கிறதா என்பதுதான் முக்கியம். 'ஹே ராம்' பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும்: பெரிய குழுவின் ஒலி அங்கே சில இடங்களில் சரித்திரத்தின் கனத்தைத் தானே சுமந்துவிடப் பார்க்கிறது. கலவரமும் பிரிவினையும் பேசும் காட்சிகளில் அந்தப் பெருக்கம் படத்துக்கு உதவலாம். தனியே கேட்கும்போது அது அறிவிப்பாக இருக்கிறது, எண்ணமாக இல்லை.

இந்த வழக்கில் நேரடியாக நிறுத்திப் பார்க்கக்கூடிய படைப்பு ஒன்று உண்டு: இளையராஜா இசையமைத்த, மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013). பாட்டே இல்லாத படம். தலைப்பில் பின்னணி இசை என்று போடாமல் முன்னணி இசை என்று போட்டார்கள். இசைத் துண்டுகள் தனிப்பெயர்களோடு கேட்பதற்கென்றே வெளியிடப்பட்டன. பெரும்பகுதி தந்தி வாத்தியங்கள்; வயலின் ஒன்று சொல்ல, செல்லோ வேறொன்று சொல்ல, இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப்போகும் எழுத்து. அந்தத் தொகுப்பை இங்கே டீக்கடை வைத்திருக்கும் நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். படத்தை அவர் பார்த்ததில்லை. மெதுவாக நடக்கும் துண்டுகளைக் கேட்டுக்கொண்டே வேலையை மறந்து நின்றார். ஒன்றை மறுபடி போடச் சொன்னார். வேகமான துண்டு ஒன்று வந்தபோது அவர் சொன்னது: "இதுல என்னமோ நடக்குதுண்ணே, நமக்குத்தான் காட்ட மாட்டேங்கிறாங்க." திறனாய்வு நூல்களில் நான் தேடிக்கொண்டிருந்த அளவுகோல் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. நிற்கும் இசை நம்மை உள்ளே விடுகிறது. நிற்காத இசை நமக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தத் தொகுப்பின் மெதுவான துண்டுகளை நான் தமிழ்த் திரையிசையின் மிக உயர்ந்த இடத்தில் வைப்பேன். ஆனால் முன்னணி இசை என்ற அறிவிப்பை முழுவதும் ஏற்க மாட்டேன். படத்துக்குள் அது சில இடங்களில் முன்னே வந்து நிற்பதற்காகவே நிற்கிறது. வெளியே எடுத்த பிறகு அந்த இடங்களே பலவீனமாகவும் கேட்கின்றன. முன்னே நிற்க விரும்பும் இசையும் தனியே நிற்க முடிகிற இசையும் ஒன்றல்ல.

படம் எதுவும் இல்லாதபோது இளையராஜா என்ன எழுதுவார் என்பதும் நமக்குத் தெரியும். 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தியாகராஜருக்கும் பாகுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. வி.எஸ். நரசிம்மனின் வயலினில் கர்நாடக ராகமும் பாகின் முரணிசை முறையும் ஒன்றையொன்று விசாரிக்கின்றன. 1988இல் 'நத்திங் பட் விண்ட்'. 2005இல் திருவாசகம். 2025 மார்ச் 8இல் லண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியது. இவற்றை உயரமாக வைத்துக்கொண்டு 'குணா'வை அளந்தால் ஒன்று குறைகிறது: நேரம். 'ஹவ் டு நேம் இட்'டில் ஒரு எண்ணத்துக்கு எழுந்து, எதிர்வாதம் கேட்டு, மாறி, திரும்பி வர அவகாசம் இருக்கிறது. 'குணா'வில் எண்ணம் எழுகிறது, காட்சி வெட்டப்படுகிறது. ஆனால் இன்னொன்று கூடுகிறது. ஆபத்து. பாவனியில் அந்தத் தாவலைத் தாவ வைத்தது ஒரு கதாபாத்திரத்தின் பித்து. கதை இல்லாமல் தானாக எழுதியிருந்தால் அவர் அந்த ராகத்தின் அந்த மூலைக்குப் போயிருப்பாரா என்பது சந்தேகம். திரை அவரிடமிருந்து வளர்ச்சியைப் பறித்தது, துணிச்சலைக் கொடுத்தது. நல்ல நாடக இசையைத் தனியாகக் கேட்பதில் கிடைக்கும் தனிப்பலன் இந்தத் துணிச்சல்தான். கச்சேரி இசையில் அது இவ்வளவு சுருக்கமாகக் கிடைக்காது.

மௌனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையில்லாமல் 'குணா'வைக் கேட்கும்போது இசை வராத இடங்கள் மிகத் துல்லியமாகத் தெரிகின்றன. காற்றும் பேச்சும் மட்டும் இருக்கும் இடங்களில் இசையை நிறுத்தி வைத்திருப்பது பெரிய முடிவு. ஒரு தொகுப்பாக வெளியிட்டால் இந்த மௌனங்கள் காணாமல் போகும். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின்னணி இசையைத் தனியே கேட்பதால் வரும் உண்மையான இழப்பு இதுதான். காட்சி போவதல்ல, இசையில்லாத நேரம் போவதுதான் இழப்பு.

ஆக, என் தீர்ப்பு இது. தனித்துக் கேட்கும் இசையாக 'குணா' முழுமையான படைப்பு அல்ல. அதன் கோயில் பகுதியும் கடிதப் பகுதியும் எந்தத் திரையின் துணையும் இல்லாமல் நிற்கின்றன. அவை நிற்கும் உயரத்தில் தமிழ்த் திரையிசையில் மிகச் சிலவே நிற்கின்றன. துரத்தலும் மோதலும் நிற்கவில்லை. 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' தொகுப்பாக 'குணா'வைவிடச் சீரானது, ஆனால் 'குணா'வின் உச்சத்தை அது தொடவில்லை. 'ஹே ராம்' ஒலியில் மூன்றிலும் பெரியது, தனிக்கேட்பில் மூன்றாவது. 'தளபதி' மெட்டாக நிலைக்கும்; இந்த வரிசையில் அதற்கு இடம் கொடுக்க மாட்டேன்.

இந்தத் தீர்ப்பை யாராவது மாற்ற வேண்டுமென்றால் இசை முதலில் கையில் கிடைக்க வேண்டும். 'குணா'வின் பின்னணி இசை என்று இன்று நமக்குக் கிடைப்பது ரசிகர்கள் படத்திலிருந்து வெட்டியெடுத்த, வசனம் மோதும் துண்டுகள். இந்த மலையின் தெற்குச் சரிவுக்குக் கீழே விரியும் தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரத்திலிருந்து போனவர் இளையராஜா. அவருக்குக் கிடைத்த 5 தேசிய விருதுகளில் கடைசி இரண்டும், 'பழசி ராஜா'வுக்கும் 'தாரை தப்பட்டை'க்கும் கிடைத்தவை, பின்னணி இசைக்கானவை. அரசே தனியாக மதிப்பிட்டுவிட்ட கலையை ரசிகர்கள் தனியாகக் கேட்க வழியில்லாமல் இருக்கக் கூடாது. உரிமை யாரிடம் இருந்தாலும், அவர்களும் இசையமைப்பாளரும் சேர்ந்து 'குணா'வின் இசையை வசனம் நீக்கி, மௌனங்களின் நீளத்தைக் குறைக்காமல், புதிதாக வாசிக்க வேண்டியிருந்தால் புதிதாக வாசித்து வெளியிட வேண்டும். அதுவரை உங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒரு இரவு திரையை அணைத்துவிட்டு அந்தப் படத்தைக் காதால் மட்டும் கேளுங்கள்.